கையால் முடுக்கிய மூடி

டீசலில் தண்ணீர் கலக்காது. கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தைக் கடலூர் துறைமுகத்தில் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நன்றாகத் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் டேங்கின் காற்றுக்குழாயில் பழைய கைலித் துணியை அடைத்து வைத்திருப்பார்கள். ஏன்யா என்று கேட்டால், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கத்தான் என்பார்கள். காற்று போகாவிட்டால் டீசல் எப்படி எஞ்சினுக்கு இறங்கும் என்று கத்துவேன். அதற்கும் தலையாட்டுவார்கள்.

நான் சிதம்பரத்துக்காரன். பிறந்தது புவனகிரிப் பக்கம், நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எப்படியோ சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை கிடைத்துப் போனேன். பதினான்கு வருஷம் ஆயிலராக இருந்தேன். கப்பலில் எண்ணெய் நேராக எஞ்சினுக்குப் போகாது. முதலில் ஒரு பெரிய டேங்கில் சூடாக்கி, நாள் முழுக்கத் தெளியவிட வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரையும் சேற்றையும் வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். பிறகு பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கிற மாதிரி ஒரு மெஷின் அந்த எண்ணெயைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மிச்சத் தண்ணீரைத் தனியாகத் தள்ளும். அதற்கப்புறம் இன்னொரு டேங்க். அங்கேயும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடியைத் திறந்து பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து. அந்தப் பயத்தில்தான் என் வாலிபம் போனது. கடைசியில் இடுப்பும் போனது. இடுப்பு போனதும் கப்பல் வேலையும் போனது.

ஊருக்கு வந்து சும்மா உட்கார முடியவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளின் டீசல் டேங்குகளைச் சுத்தம் செய்து கொடுக்கிற வேலையை ஆரம்பித்தேன். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய், பஸ்ஸில் வருவேன். திரும்பி வரும்போது என் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அவ்வளவு டீசல் நாற்றம். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு காலை நீட்டி உட்கார வசதி என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேலை ஜாஸ்தி இருப்பது தடைக்காலத்தில்தான். மீன் குஞ்சு பொரிக்கிற அந்த இரண்டு மாதமும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எல்லா டேங்கிலும் பாதிக்குக் கீழேதான் டீசல் இருக்கும். பகல் வெயிலில் டேங்க் காயும், விடியலில் குளிரும். டீசலுக்கு மேலே காலியாக இருக்கிற இடத்து ஈரக்காற்று உள்சுவரில் வியர்த்து வடியும். அப்படியே அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்கிற இடத்தில் கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று வளரும். தடை முடிந்து படகைக் கிளப்பினால், முதல் அலையில் டேங்க் குலுங்கி, அந்தச் சளி முழுக்க ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில் எஞ்சின் நிற்கும். ஆகவே தடை முடிவதற்குள் ஒவ்வொரு டேங்காக வடித்து, துடைத்து, புது டீசலைத் துணி வைத்து வடிகட்டி ஏற்றிக் கொடுப்பேன். குனிந்து குனிந்து, ராத்திரி படுத்தால் இடுப்பு என்னோடு பேசும்.

நான் சொல்ல வந்தது போன வருஷம் தடை முடிந்தபோது நடந்தது.

அந்தப் படகின் முதலாளி எனக்குப் பழக்கமானவர். வருஷம் தவறாமல் என்னைத்தான் கூப்பிடுவார். என் பேச்சுக்கு அவரிடம் ஒரு மதிப்பு உண்டு. டேங்க் விஷயத்தில் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற டிரைவர் ஒருவன், முப்பத்தைந்து வயசு இருக்கும். தடைக்காலம் முழுக்கப் படகிலேயே படுத்துக் காவல் இருப்பான். என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். உறவெல்லாம் இல்லை, துறைமுகத்தில் அப்படித்தான். அவன்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எதைச் சொன்னாலும் சிரிப்பான். அவன் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் பெண்டாட்டி ஏலக்கூடத்தில் மீன் விற்கிறவள். முதல் புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். இவன் வீட்டில் எல்லோரையும் எதிர்த்து அவளைக் கட்டிக்கொண்டான். அது ஒன்றுதான் அவன் செய்த உருப்படியான காரியம் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவனிடம் சொன்னதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் படகுக்குப் பூஜை. அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. எஞ்சினுக்கு மாலை போட்டு, ஸ்பேனர், சாவி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சின் முன்னால் வாழை இலையில் பரப்பிவிடுவார்கள். பொட்டு வைத்த சாமானை மறுநாள் விடியலில் படகு கிளம்புகிறவரை யாரும் தொடக் கூடாது. கடைசியாக ஒரு சுமங்கலி மஞ்சள் தண்ணீரைக் குடத்தில் எடுத்து, வேப்பிலையோடு தளம் முழுக்க ஊற்றுவாள். வழக்கமாக முதலாளியின் சம்சாரம்தான் ஊற்றுவார். போன வருஷம் அந்தம்மாவுக்கு முட்டிவலி, படகில் ஏற முடியவில்லை. டிரைவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். கரையில் நின்ற பொம்பளைகள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானே பார்த்தேன். அவள் கவனிக்கவில்லை. புதுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தனை பயபக்தியாகக் குடத்தைத் தூக்கினாள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் என்றால் எனக்கும் ஒரு வழக்கம். டீசல் ஏற்றிய உடனே டேங்கைச் சோதிக்க மாட்டேன். நாலு மணி நேரமாவது தெளிய வேண்டும். அதற்கப்புறம் அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி அடிவரைக்கும் விடுவேன். தண்ணீர் பட்ட இடம் சிவப்பாக மாறும். காலையில் டீசல் ஏற்றிவிட்டு, எப்படியும் திறக்கப்போகிறோம் என்று தளத்திலிருந்த டேங்க் மூடியைச் சும்மா கையால் திருகி வைத்திருந்தேன். மத்தியானம் கோலை விட்டுப் பார்த்தேன். சுத்தம். சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. மூடியை இறுக்குவதற்கென்று இரண்டு பல் வைத்த ஒரு சாவி உண்டு. தேடினேன். அது கீழே எஞ்சின் முன்னால் வாழை இலையில், நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

முதலாளியிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கவில்லை. அவர்கள் சாமி காரியத்தில் வெளியூர்க்காரன் நான் போய் வாயைக் கொடுப்பானேன் என்று ஒரு சலிப்பு. இடுப்பு வேறு பிடுங்கியது. பலம் கொண்ட மட்டும் கையால் முடுக்கினேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து சாவி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல். சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கி டீக்கடையில் நின்றபோது, அவள் மூன்று குடம் மஞ்சள் தண்ணீரை படகின் முன்கோடியிலிருந்து பின்கோடிவரைக்கும் ஊற்றுவதைப் பார்த்தேன். தண்ணீர் ஓடிப்போய், படகு சாய்ந்திருந்த பக்கத்தில், மூடி இருக்கிற மூலையில் தேங்கியது. அதையும் பார்த்தேன். கப்பலில் பதினான்கு வருஷம் குப்பை கொட்டியவன் பார்த்தேன், டீயை ஆற்றிக் குடித்தேன், பஸ் ஏறினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நான் எழுந்திருக்கவில்லை. இடுப்பை அசைக்க முடியவில்லை. படகு போயிருக்கும், எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

பத்து மணிக்கு முதலாளி போன் செய்தார். கரையை விட்டு ஒன்றரை மணி நேரம் போனதும் எஞ்சின் திணறி நின்றுவிட்டதாம். ஃபில்டர் கிண்ணம் முழுக்கத் தண்ணீராம். வடித்துவிட்டுக் கிளப்பியிருக்கிறார்கள், மறுபடி நின்றிருக்கிறது. இன்னொரு படகு தன் தொழிலை விட்டுவிட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. தடை முடிந்த முதல் நாள். இரண்டு மாதமாக அத்தனை பேரும் காத்திருந்த நாள்.

"நீங்க டேங்கைச் சுத்தமா குடுத்தீங்க, நான் கண்ணால பாத்தேன்," என்றார். "ராத்திரி அதுல படுத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். டீசலை எடுத்து வித்துட்டு, தண்ணிய ஊத்தி அளவு காட்டியிருக்கான். நீங்க வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலம் ஊர்ல வச்சிடுறேன்."

ஊரில் வைப்பது என்றால் பஞ்சாயத்தில் வைப்பது. திருடன் என்று அங்கே முடிவானால் அந்தத் துறைமுகத்தில் எந்தப் படகிலும் அவன் கால் வைக்க முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அவன்தான் திருடியிருப்பான் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டுகிறவரை பஸ்ஸில் உட்கார்ந்து அவனைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன். இளித்துக்கொண்டே இருந்தானே, இதற்குத்தானா என்று. மூடி ஞாபகம் ஒரு தடவை வந்தது. கையால் இறுக்கமாகத்தானே முடுக்கினோம் என்று அதை அடக்கிவிட்டேன்.

துறைமுகம் காலியாகக் கிடந்தது. எல்லாப் படகும் போய்விட்டது, இது ஒன்றுதான் கரையில். முதலாளி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகூட வரவில்லை, கீழே கையைக் காட்டினார். நான் எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். டிரைவர் மட்டும் இருந்தான். மாலை எஞ்சின்மேல் கருகிக் கிடந்தது. முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

 டேங்கின் அடிக்குழாயைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தேன். கொஞ்சம் பொறுத்ததும் மேலே டீசல், கீழே தண்ணீர் என்று பிரிந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கப்பல் பழக்கம். உப்பு இல்லை. கடல் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர்தான். ஆக, முதலாளி சொன்னது சரி என்று நிமிர்ந்தேன். அப்போது மேல் வாசலிலிருந்து வெளிச்சம் பாட்டிலில் பட்டது. அடியில் மெல்லிசாக ஒரு வண்டல். மஞ்சளாக இருந்தது. கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்தேன். அத்தனை டீசல் நாற்றத்திலும் மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது.

 ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதைக் கீழ ஊத்திடுங்க மாமா," என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விடியற்காலையில் கிளம்பும்போது பொட்டு வைத்த சாவியை எடுத்து மூடியில் போட்டிருக்கிறான். மூன்று சுற்று இறங்கியதாம். அப்போதே சந்தேகம்தான், ஆனால் மற்றப் படகெல்லாம் கிளம்பிவிட்டதால் வடித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்றான். கடலில் முதல் கிண்ணத்தைக் கழற்றியதுமே மஞ்சளைப் பார்த்துவிட்டான். யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் கடலில் கொட்டியிருக்கிறான். இரண்டாவதையும் கொட்டியிருக்கிறான். தான் திருடன் இல்லை என்று காட்ட இருந்த ஒரே சாட்சியை அவனே கொட்டியிருக்கிறான்.

"ஏன்டா?" என்றேன். 

"கொடம் எடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும் மாமா. ஏற்கனவே ஒருத்தனக் கடலுக்குக் குடுத்தவ. அவ ஊத்துன தண்ணியில படகு நின்னு போச்சின்னு ஒருத்தன் வாயில வந்துச்சின்னா முடிஞ்சிது. திருடன்னா என்னை ஒரு வருஷம் பேசுவாங்க. அவளைச் சாவுற வரைக்கும் பேசுவாங்க."

மூடியைக் கையால் முடுக்கிவிட்டுப் போனவனைக் குறை சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று கேட்டேன். மூடி லூசாக இருந்தது என்றால், அடுத்த கேள்வி எந்தத் தண்ணீர் என்பதுதானே என்றான். அவன் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டிருந்தான்.

 எனக்குள் பெரிய தர்ம சிந்தனை எதுவும் ஓடவில்லை. அசதியாக இருந்தது. அந்தத் துறைமுகத்தில் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். டீசலில் தண்ணீர் என்றால் அவனைக் கேள் என்கிற பேர். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாட்டிலைப் படகின் அடித்தட்டில் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரில் கவிழ்த்தேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. கட்டைவிரலைக் கழிவுப்பஞ்சில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன். மாமா, மாமா என்று அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பவில்லை.

முதலாளியைச் சுற்றி நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். "டேங்குக்குள்ள தண்ணி என்னாலதாங்க போச்சி," என்றேன். "நேத்து அளவு பாக்குறப்ப டீசல் சிந்திடுச்சி. மூடியத் திறந்து வச்சிக்கிட்டே பைப்பைப் போட்டு டெக்கைக் கழுவிட்டேன். அப்பறம் கையால மூடிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அவன் மேல தப்பு இல்ல."

 மூடிச் சாவி எங்கே போனது என்று முதலாளி கேட்டார். பொட்டு வைத்து நீங்கள்தானே இலையில் வைத்தீர்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. அதை ஆரம்பித்தால் பூஜைக்குப் போகும், பூஜையிலிருந்து குடத்துக்குப் போகும். தேடவில்லை என்றேன்.

"எங்க எல்லாருக்கும் தண்ணி தண்ணின்னு பாடம் நடத்துனீங்களே," என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். கூட நின்ற ஒருவன் சிரித்தான். என்னால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்வரை இருந்து டேங்கை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றி எஞ்சினை ஓட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். டிரைவர் கூடவே நின்று வேலை செய்தான்.  கடைசியில் மூடியை வைத்து, சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் முடுக்கினான். முடுக்கிவிட்டு, இன்னொரு தடவையும் முடுக்கினான். இனிமேல் வர வேண்டாம் என்று முதலாளி ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். சேதி மற்றப் படகுகளுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?

பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். ஏலக்கூடத்துப் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி வேகமாக வந்தாள். கையில் காலிக் கூடை. பின்னால் அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். அவளுக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள், அதாவது நான் சொன்ன எல்லாவற்றையும்.

என் வழியை மறித்து நின்றாள். "உங்களாலதான எம் புருஷன ஊரே திருடன்னுச்சி," என்றாள். "காலையிலேந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல அவுரு. நான் அத்தனை மனசார வேண்டிக்கிட்டுக் கொடம் எடுத்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?"

அவன் அவள் தோளைப் பிடித்தான். அவனுடைய கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது. நான் எதற்கும் பதில் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். எத்தனை துடைத்தும் நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. "தப்புதாம்மா," என்றேன்.

அதற்கப்புறம் அவளுக்கும் கோபம் இறங்கிவிட்டது போல. கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சிதம்பரம் பஸ் தூரத்தில் திரும்பியது. நான் ஏறப்போகும்போது பின்னாலிருந்து அவள் சொன்னது காதில் விழுந்தது.

"அடுத்த வருஷமும் நான்தான் கொடம் எடுக்கணும்னு மொதலாளி வூட்டு அக்கா சொல்லிட்டாங்க. அன்னிக்கு மட்டும் நீங்க அந்தப் பக்கம் வந்துடாதீங்க."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.